24 மணி நேரத்துக்குள்ளே சொல்லணும்!

அமெரிக்காவுக்கு வந்த மூன்றாவது வாரமே ஒரு சட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. பயப்படாதீர்கள்... ஜெயில், கோர்ட் என்றெல்லாம் போகவில்லை. ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்பின் பிளாஸ்டிக் நாற்காலியோடு முடிந்துவிட்டது.

மகள் வீடு நியூஜெர்ஸியில். பேத்திக்கு ஏழு வயசு. சனிக்கிழமை காலை என்றால் ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்பு. அன்றைக்கு மகள் எங்கள் இரண்டு பேரையும் வாசலில் இறக்கிவிட்டு, காய்கறி வாங்கக் கிளம்பினாள். "அம்மா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்திரு. அது போதும்" என்றாள்.

சும்மா உட்காருவதுதான் எனக்கு வராதே! 38 வருஷம் டெலிபோன் இலாகாவில் குப்பை கொட்டியவள். முதல் பதினைந்து வருஷம் திருச்சியில் டிரங்க் போர்டில். ஒரே நேரத்தில் நாலு ஊரை நாலு ஊரோடு சேர்த்துவைத்த கை இது.

பேத்தி ஒரு சாண் அகலக் கட்டை மேல் கையை விரித்துக்கொண்டு நடந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தேன். உறையூர் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்ப வேண்டாமா?

கோச் பெண் ஓடி வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். சிரித்த முகம். "மேடம், உங்க பேத்தியைத் தாராளமா எடுங்க. மற்ற குழந்தைகள் விழாம பார்த்துக்குங்க" என்றாள், ஆங்கிலத்தில். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன, குழந்தை பிடிக்கிறவளா?

வகுப்பு முடிந்தது. பேத்தி தண்ணீர் பாட்டிலை உடை மாற்றும் அறையில் விட்டுவிட்டாள். "நீயே கூட்டிப் போய் எடுத்துக் கொடுத்துடேம்மா" என்று கோச்சிடம் சொன்னேன். அவள் நகரவில்லை. "நான் மட்டும் குழந்தையோட தனியா உள்ளே போகக் கூடாது. நீங்களும் வாங்க" என்றாள்.

காரில் ஏறியதும் கொட்டித் தீர்த்தேன். "என்னடி ஊரு இது? பாட்டியை நம்ப மாட்டேங்கிறாங்க. பொம்பளை கோச்சு, அவளையும் நம்ப மாட்டேங்கிறாங்க. இப்படிச் சந்தேகப்பட்டா குழந்தை எப்படி வளரும்?"

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினாள். அப்புறம் சொன்னாள்: "அம்மா, அந்த ரூல் எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா நீ இப்படிப் பேச மாட்டே."

அன்று ராத்திரி சொன்னாள். மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்து சில பக்கங்களைப் படிக்கக் கொடுத்தார். படித்து முடித்தபோது மணி இரண்டு. தூக்கம் எங்கோ போய்விட்டது.

லாரி நாஸர் என்று ஒரு டாக்டர். ஒலிம்பிக்குக்குப் போகிற அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தவர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் டாக்டர். சிரித்துச் சிரித்துப் பேசுவார். வைத்தியம் என்ற பெயரில், வருஷக்கணக்கில், நூற்றுக்கணக்கான பெண் குழந்தைகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். சில சமயம் பெற்ற தாய் அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, அவள் கண்ணுக்கு மறைவாக! டாக்டர் ஆயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்?

குழந்தைகள் சொல்லாமல் இருக்கவில்லை. அதுதான் வயிற்றைப் பிசைகிறது. 1997லேயே ஒரு பெண் தன் கோச்சிடம் சொல்லியிருக்கிறாள். நடவடிக்கை இல்லை. 2015 ஜூனில் இரண்டு வீராங்கனைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டது ஒரு கோச்சின் காதில் விழுந்தது. அந்த அம்மாள் உடனே ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்திடம் சொன்னார். சங்கம் என்ன செய்தது? தன் பங்குக்கு ஒரு விசாரணையாளரை அமர்த்திக்கொண்டு, ஐந்து வாரம் கழித்துத்தான் எஃப்.பி.ஐ.க்குச் சொன்னது.

எஃப்.பி.ஐ. என்றால் நமக்கெல்லாம் சினிமாவில் பார்த்து ஒரு பிரமிப்பு. நிஜத்தில் நடந்தது வேறு. புகாரைக் கேட்டுவிட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் உருப்படியாக எதையும் செய்யவில்லை. 2016 ஆகஸ்டில் ஒரு இண்டியானாபோலிஸ் பத்திரிகை, இந்தச் சங்கம் புகார்களை எப்படி அமுக்கி வைக்கிறது என்று எழுதியது. அதைப் படித்த ஒரு முன்னாள் வீராங்கனை அந்தப் பத்திரிகைக்கே எழுதி, நாஸரின் பெயரைச் சொன்னார். அப்புறம்தான் அணை உடைந்தது. எஃப்.பி.ஐ. கையில் புகார் தூங்கிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் மட்டும், 70 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் அந்த டாக்டரிடம் சிக்கியிருக்கிறார்கள். இதைச் சொன்னது எதிர்க்கட்சிக்காரர் அல்ல. அமெரிக்க நீதித்துறையின் சொந்தத் தணிக்கை அதிகாரி, 2021 ஜூலையில்.

2018 ஜனவரியில் மிச்சிகன் கோர்ட்டில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நாஸர் எதிரிலேயே பேசினார்கள். 40 முதல் 175 வருஷம் வரை சிறை. அதற்கு முன்பே வேறொரு வழக்கில் 60 வருஷம். சரி, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் மகள் கேட்டாள்: "அம்மா, 175 வருஷம்னு போட்டாச்சு. அதனால அந்த எழுபது பொண்ணுங்களுக்கு என்ன? முதல்ல கேட்டவங்க அன்னிக்கே போலீஸ்ல சொல்லியிருந்தா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் 2018 பிப்ரவரி 14ஆம் தேதி கையெழுத்தான ஃபெடரல் சட்டம். ஃபெடரல் என்றால் நம் ஊர்க் கணக்கில் மத்திய அரசுச் சட்டம். ஐம்பது மாநிலத்துக்கும் பொது. செனட்டர் டயேன் ஃபைன்ஸ்டைன் 2017ல் கொண்டுவந்தது. இந்த விளையாட்டுச் சங்கங்களில் குழந்தைகளோடு பழகும் பெரியவர் யாராக இருந்தாலும், ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் தெரிந்தால், 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். தலைவரிடம் சொன்னேன், செயலாளரிடம் சொன்னேன் என்று கை கழுவ முடியாது. சொல்லாவிட்டால் ஒரு வருஷம் வரை சிறை.

கூடவே இன்னொரு விதி. பெரியவர் ஒருவரும் குழந்தை ஒன்றும் தனியாக இருக்கும் சந்தர்ப்பத்தைக் குறைக்க வேண்டும். இன்னொரு பெரியவர் பார்க்கிற தூரத்தில், குறுக்கே புகக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். அட, என் தண்ணீர் பாட்டில் சமாசாரம்! அந்தப் பெண் என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னையே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுத்திக்கொண்டாள். நாஸர் மாதிரி ஒருத்தர் நாளைக்கு வந்தாலும் அவருக்கும் அதே கதவு மூடியிருக்கும் இல்லையா?

இந்தச் சட்டம் திடீரென்று முளைத்ததல்ல. 1974லேயே அமெரிக்க மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது: குழந்தைக் கொடுமையைக் கண்டால் புகார் செய்ய உங்கள் மாநிலத்தில் சட்டம் வைத்திருந்தால்தான் மானியம். காசு என்றால் மாநிலங்கள் கேட்காதா! குழந்தைகளை வைத்து ஆபாசப் படம் எடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1978 பிப்ரவரியில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்தோடு வந்தது. அதில் 16 வயசுக்குக் கீழே இருந்தால்தான் குழந்தை. படத்தை விற்றால்தான் குற்றம். இலவசமாகக் கைமாற்றினால் தப்பிக்கலாம். எப்படி ஓட்டை பாருங்கள்! 1984ல் அந்த ஓட்டையை அடைத்து, வயசையும் 18 ஆக்கினார்கள்.

அடுத்து வந்ததுதான் பழைய ஆபரேட்டரான என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

டிரங்க் போர்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: காதில் விழுந்தது வாயில் வரக் கூடாது. யார் வீட்டுச் சண்டை, யார் வீட்டுக் கல்யாணம், எது காதில் விழுந்தாலும் விழுங்கிவிட வேண்டும். அதுதான் தொழில் தர்மம். அமெரிக்காவில் 1998ல் ஒரு ஃபெடரல் சட்டம் போட்டு, இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அந்த தர்மத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். குழந்தைகளின் ஆபாசப் படம் தங்கள் கம்ப்யூட்டர் வழியாகப் போவது தெரிந்தால், இன்டர்நெட் கம்பெனிகள் சொல்லியே ஆக வேண்டும். சொல்ல வேண்டிய இடம், காணாமற்போன குழந்தைகளுக்காக 1984ல் ஆரம்பித்த ஒரு தேசிய மையம். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அபராதம். 2024 மே மாதம் அந்த அபராதத்தை உயர்த்தினார்கள். மாதத்துக்கு 10 கோடிப் பேருக்கு மேல் உபயோகிக்கிற பெரிய கம்பெனி என்றால் முதல் தடவை 8,50,000 டாலர் வரை, மறுபடி செய்தால் 10,00,000 டாலர் வரை.

இதிலும் ஒரு சந்து இருக்கிறது. தெரிந்ததைச் சொல்ல வேண்டுமே தவிர, தேடிப் பார்க்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால் சொல்லவும் வேண்டாம்! இருந்தும் 2023ஆம் வருஷம் மட்டும் அந்த மையத்துக்கு வந்த தகவல்கள் 3 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். அதில் அதிகமாகச் சுட்டிக்காட்டப்பட்ட நாடு எது தெரியுமா? நம் இந்தியாதான்.

"அமெரிக்கச் சட்டம், அமெரிக்கக் கம்பெனி, நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். 2019 ஏப்ரலில் அந்த மையமும் நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இந்தியா சம்பந்தப்பட்ட தகவல் அங்கிருந்து டெல்லிக்கு வரும். டெல்லியிலிருந்து மாநிலப் போலீசுக்கு. பழைய லைட்னிங் கால் மாதிரி!

அப்படி ஒரு தகவல் 2020 ஜனவரியில் சென்னை அம்பத்தூர் மகளிர் காவல் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. ஓர் இளைஞரின் செல்போனில் குழந்தைகளின் ஆபாச வீடியோ இருந்தது. வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனது. தனியாகப் பார்த்தார், யாருக்கும் அனுப்பவில்லை, ஆகவே குற்றமில்லை என்று 2024 ஜனவரியில் வழக்கு ரத்தானது. 2024 செப்டம்பர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. கூடவே இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, அதை 'ஆபாசப் படம்' என்று இனி கோர்ட்டுகள் சொல்லக் கூடாது. அது ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமையின் பதிவு. இரண்டு, கம்பெனிகள் அமெரிக்காவுக்குச் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. நம் போலீசுக்கும் சொல்ல வேண்டும்.

நம் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? போக்ஸோ. 2012ல் நம் பார்லிமெண்ட் இயற்றி, அந்த வருஷம் குழந்தைகள் தினத்தன்று, நவம்பர் 14ஆம் தேதி அமலுக்கு வந்த சட்டம். போக்ஸோ என்றால் தண்டனை மட்டும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. அதன் 19ஆம் பிரிவை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? குற்றம் நடந்தது என்று தெரிந்த யாராக இருந்தாலும் — அப்பா, அம்மா, சித்தி, வாத்தியார், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் — போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாசம் வரை ஜெயில். ஒரு நிறுவனத்தின் தலைவர் தன் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை.

சொல்பவருக்குப் பாதுகாப்பும் உண்டு. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. குழந்தையின் பெயரோ படமோ பத்திரிகையில் வரக் கூடாது. வாக்குமூலம் வாங்க குழந்தையின் வீட்டுக்கே வர வேண்டும். கூடியவரை பெண் அதிகாரி. காக்கி உடுப்பு போடக் கூடாது. ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கவே கூடாது. நம் வீடுகளில் 'போலீஸ், கோர்ட்டு, ஊர் சிரிக்கும்' என்று பயப்படுகிற அத்தனைக்கும் எழுத்தில் பதில் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வந்தவள், 'சித்தி' என்று மனசுக்குள் சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன்.

1985. உறையூரில் கூட்டுக் குடும்பம். அக்கா மகளுக்குப் பத்து வயசு. கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒருத்தர் வருவார். தெருவே 'ஸார்' என்று எழுந்து நிற்கும். ஒரு நாள் சாயங்காலம் நைட் டூட்டிக்கு நான் கிளம்பும்போது, அந்தக் குழந்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. "சித்தி, இன்னிக்குப் போகாதீங்க. ஸார் வர்ற நேரம்."

ஏன் என்று கேட்டேன். பாதிதான் சொன்னாள். மீதி எனக்கே புரிந்தது.

நான் என்ன செய்தேன்? "யார்கிட்டயும் சொல்லிடாதே கண்ணு. அப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டுக் குத்து ஆயிடும்" என்றேன். அக்காவிடம், குழந்தைக்கு அடிக்கடி தலை வலிக்கிறது, ட்யூஷன் வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினேன். அந்த மனுஷனுக்கு அந்த மாசச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, ஒரு டம்ளர் காபியும் கொடுத்து அனுப்பினோம். காபி ஆற்றியது நான்தான். குழந்தையும் தப்பித்தது, குடும்ப மானமும் தப்பித்தது என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் அடுத்த மாசம் பின்தெருவில் ட்யூஷன் எடுக்கப் போனார். அது எனக்குத் தெரியும்.

போக்ஸோ அப்போது இருந்திருந்தால் ஆறு மாசம் எனக்குத்தான்.

மறுநாள் கோயம்புத்தூரில் இருக்கிற அவளுக்குப் போன் போட்டேன். அவளுக்கு இப்போது ஐம்பது வயசு. இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. ஜிம்னாஸ்டிக்ஸ், கோச், சட்டம் என்று சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் அந்த ட்யூஷன் வாத்தியாரைப் பற்றிக் கேட்டேன். "நான் அன்னிக்கு உன்னைச் சொல்லாதேன்னு சொன்னது தப்புடி" என்றேன்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதா என்று இரண்டு தடவை 'ஹலோ' சொன்னேன்.

"லைன்லதான் இருக்கேன் சித்தி. நாற்பது வருஷம் கழிச்சு கனெக்ஷன் குடுத்திருக்கீங்க" என்றாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை. "ட்யூஷனை நீங்க நிறுத்தினது எனக்கு ஞாபகம் இருக்கு. அதுக்காக உங்களைக் கும்பிட்டிருக்கேன். ஆனா பின்தெருவுல அவர்கிட்ட படிச்ச பொண்ணு என் கிளாஸ் சித்தி. பக்கத்து பெஞ்சு. ஒரு நாள் அவ ரொம்ப அழுதா. எனக்கு ஏன்னு தெரியும். நீங்க சொல்லாதேன்னீங்களா... நானும் அவகிட்ட ஒண்ணும் கேட்கலை."

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

பத்து வயசுக் குழந்தையின் வாயை அடைத்தேன் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். இரண்டு குழந்தைகளின் வாயை அடைத்திருக்கிறேன். 'சொல்லாதே' என்ற ஒரு வார்த்தை பின்தெரு வரைக்கும் போயிருக்கிறது.

அமெரிக்காவில் சட்டம் போட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. சட்டம் இருக்கும்போதே எஃப்.பி.ஐ. தூங்கியது. 2024 ஏப்ரலில் அதற்காக அமெரிக்க அரசாங்கம் அந்தப் பெண்களுக்கு சுமார் 13 கோடியே 87 லட்சம் டாலர் நஷ்ட ஈடு தர ஒப்புக்கொண்டது. பணம் கொடுத்து நேற்றைக் கொண்டுவர முடியுமா? ஆனால் அவர்கள் ஒவ்வொரு தடவை கேவலப்பட்டபோதும், 'தண்டனை எத்தனை வருஷம்' என்பதோடு நிற்காமல், 'முதலில் தெரிந்தவர் யார், அவர் ஏன் சொல்லவில்லை' என்று கேட்டு அடுத்த சட்டத்தை எழுதியிருக்கிறார்கள். நம் சட்டத்திலும் அந்த வரி இருக்கிறது. வீட்டில்தான் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, கேஸ் நம்பர், பால்காரர் நம்பர் எழுதிய காலண்டர் அட்டையில் 1098 என்று பெரிசாக எழுதப் போகிறேன். குழந்தைகளுக்கான இலவச போன் நம்பர். நீங்களும் எழுதிவையுங்கள்.

போன சனிக்கிழமை மறுபடி கிளப்புக்குப் போனோம். வீடியோ எடுத்தேன், பேத்தி மட்டும் விழுகிற மாதிரி. வகுப்பு முடிந்ததும் மகாராணி இந்தத் தடவை ஜாக்கெட்டை விட்டுவிட்டு வந்தாள். கோச் பெண் என்னைப் பார்த்தாள்.

"இரும்மா, நானும் வர்றேன்" என்று நானே எழுந்தேன்.